ஓரத்து எழுத்து

தமிழ் கற்பிக்கிறவனுக்கு விலைகூடிய லென்ஸ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் சற்றே கேலி கலந்திருந்தாலும் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டுக்கடன் தவணையும் மகளின் கல்விச் செலவும் சம்பளத்தைப் பங்கிட்டுக்கொண்ட பிறகு மிஞ்சுவதைப் பல மாதங்கள் சேர்த்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கண்ணாடிக் குழாய்க்குக் கொடுப்பதற்குக் காரணம் சொல்லித்தான் ஆகவேண்டும். அதுவும், கேமராவோடு சேர்ந்து வந்த லென்ஸ் கீறல்கூட இல்லாமல் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போது. அந்தக் காரணத்தை எனக்கே ஒழுங்காகச் சொல்லிக்கொள்ள முயன்றதில் விளைந்தவை இந்தக் குறிப்புகள்.

என் கேமராவின் அன்றாடம் மூன்று இடங்களில் கழிகிறது. முதலாவது, குழல்விளக்கு வெளிச்சத்தில் இருக்கும் வீடு. இரண்டாவது, கல்லூரி விழாக்கள். மூன்றாவது, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை முதுகலை மாணவர்களோடு மேற்கொள்ளும் களப்பயணம். புறத்திணையைப் பாடமாக நடத்துகிறவன், நடுகல் ஒன்றையாவது மாணவர் கையால் தொட்டுப் பார்க்கச் செய்யாமல் அந்தப் பாடத்தை முடிக்கக் கூடாது என்பது என் எண்ணம். அதற்கு எங்களுக்கு வாய்த்த நிலம் செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள். இரா. நாகசாமி பதிப்பித்து, தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூல், பல்லவர் காலத்து வட்டெழுத்துப் பொறிப்புகள் பலவற்றை வாசகருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்களைக் கண்டறிந்தபோது, தொல்காப்பியம் வெட்சித் துறைகளுள் ஒன்றாகச் சொல்லும் ‘ஆகோள்’ என்ற சொல்லே கல்லில் இருந்தது. இலக்கண நூலில் படித்த சொல் ஒரு வயற்காட்டுக் கல்லில் எதிர்ப்படுவதற்கு ஈடான வகுப்பு வேறு இல்லை.

செங்கத்துக்குச் சற்றுத் தொலைவில் ஓர் ஊர். பெயர் இங்கே வேண்டாம். 2018இல் அங்கே ஒரு நடுகல்லைப் படமெடுத்தோம். நான்கடி உயரம். வில்லேந்திய வீரன், காலடியில் மாடு, தலைக்கு மேல் நான்கு வரி எழுத்து. கல்லுக்குப் பின்னால் புளியமரம், முன்னால் முழங்கால் அகல வரப்பு, வரப்பை ஒட்டிச் சேடை கட்டிய வயல். முக்காலி நிறுத்த இடமில்லை, பின்னகரவும் வழியில்லை. லென்ஸின் மிக அகலமான முனையான 18 மி.மீ.இல்தான் கல் முழுவதும் சட்டத்துக்குள் வந்தது. மாலை மங்கிக்கொண்டிருந்ததால் துளையை முழுக்கத் திறந்தே எடுக்க முடிந்தது. கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது வீரனின் மூக்கும் வில்லின் நாணும் தெளிவாக இருந்தன. மேல் வலது ஓரத்தில், இரண்டாம் வரியின் கடைசி எழுத்து மட்டும் கரைந்திருந்தது. எழுத்தின் விளிம்பில் ஊதாவும் பச்சையுமாக மெல்லிய நிழல்.

அது ஊர்ப்பெயர் ஒன்றின் எழுத்து. வட்டெழுத்தில் பகரமும் வகரமும் உருவத்தில் மிக நெருங்கியவை. சிறு சுழிப்பு ஒன்றுதான் அவற்றைப் பிரிக்கும். பகரமானால் அந்த வீரன் ஓர் ஊருக்காக இறந்தான். வகரமானால் இன்னோர் ஊருக்காக. அடுத்த முறை வந்து அருகிலிருந்து எடுத்துக்கொள்வதாக இருந்தோம். 2022இல் மறுபடி சென்றபோது சாலை அகலமாகியிருந்தது. மரம் இல்லை. கல்லை ஊர்க்காரர்கள் பத்திரமாகக் கோயில் பக்கம் நகர்த்திப் படுக்கவைத்திருந்தார்கள். நகர்த்தியபோது மேல் வலது மூலை ஒரு சாண் அளவுக்கு உடைந்துபோயிருந்தது. உடைந்த துண்டைத் தேடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

லென்ஸ் பற்றிய யோசனை எனக்குத் தீவிரமானது அதற்குப் பிறகுதான். ஆயினும் ஒரு படத்தை வைத்து ஒரு கருவியைக் கண்டிப்பது ஒரு பாடலை வைத்துப் புலவரை மதிப்பிடுவது போன்றது. ஆகவே ஐந்தாண்டுப் படங்களையும் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு காரியங்கள் செய்தேன்.

முதலாவது, தெளிவில்லாத படங்களை நோய்வாரியாகப் பிரித்தேன். கையதிர்வால் கெட்ட படத்தில் எல்லாப் பொருள்களும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். ஆள் அசைந்த படத்தில் சுவர் தெளிவாக இருக்கும், ஆள் மட்டும் கலைந்திருப்பார். குவியம் தவறிய படத்தில் முகத்துக்குப் பதில் காதோ, பின்னாலிருக்கும் சன்னற்கம்பியோ கூர்மையாக இருக்கும். துளையை 16, 22 என்று மிகச் சுருக்கி எடுத்த படத்தில் எல்லாமே ஒரு மெல்லிய துணிக்கு அப்பால் இருப்பதுபோல் மங்கும். பள்ளி இயற்பியலில் படித்த விளிம்பு விளைவுதான் அது. என் கேமராவில் உள்ளதைப் போன்ற, 24 மில்லியன் புள்ளிகள் கொண்ட ஏபிஎஸ்-சி உணரியில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 4 மைக்ரான். எஃப்/16இல் ஒளிப்பொட்டு ஒன்றின் விட்டம் 20 மைக்ரானைத் தாண்டிவிடுகிறது. எத்தனை விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் இந்த விதிக்கு விலக்கல்ல. இவற்றையெல்லாம் கழித்த பிறகு எஞ்சுவதுதான் லென்ஸின் கணக்கில் சேரும்: நடுவில் தெளிவு, ஓரத்தில் கரைவு, வெள்ளையும் கருப்பும் சந்திக்கும் விளிம்பில் நிறப்பிறழ்ச்சி. கெட்டுப்போன படங்களில் பாதிக்கு மேல் மங்கிய வெளிச்சத்தில் கையதிர்வாலும் ஆள் அசைவாலும் கெட்டவை. ஓரக் கரைவு அடுத்த இடத்தில் இருந்தது. அது பெரும்பாலும் கற்களின் படங்களில்.

இரண்டாவது, ஒவ்வொரு படத்தோடும் கேமரா பதிந்துவைக்கும் குறிப்பைக் கொண்டு, எந்தக் குவியத் தொலைவில் எத்தனை படங்கள் என்று எண்ணினேன். பாதிக்கு மேல் அகல முனையில். கால் பங்கு 50 மி.மீ.ஐ ஒட்டி, அவை முகங்கள். இடைப்பட்ட தொலைவுகளில் மீதி. தொலைவிலுள்ள பறவையையோ கோபுரத்து உச்சியையோ பிடிக்க நான் முயன்றதற்கான தடயமே இல்லை. கடைக்காரர் முதலில் காட்டுவது 18இலிருந்து 135, 200 என்று நீளும் லென்ஸ்களை. அவை வேண்டாம் என்று முடிவுசெய்ய எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொல்காப்பிய உரியியலில் ‘கூர்ப்பு’ என்ற உரிச்சொல் வருகிறது. இன்று கூர்மை என்றதும் கத்தியின் முனைதான் நினைவுக்கு வருகிறது. இலக்கணம் தரும் பொருளோ வேறு: முன்பே உள்ள ஒன்று மேலும் மிகுதல். இல்லாத ஒன்றைப் புதிதாகக் கொண்டுவருவது கூர்ப்பு ஆகாது. லென்ஸ் வாங்க நினைப்பவர் மனத்தில் இருத்த வேண்டிய விளக்கம் இது என்று எனக்குத் தோன்றுகிறது. வெளிச்சம், நிற்கும் இடம், கையின் நிதானம் ஆகியவை இருந்தால் நல்ல லென்ஸ் அவற்றை மிகுவிக்கும். அவை இல்லையெனில் மிகுவிப்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. துளையை எஃப்/8க்குச் சுருக்கி, முக்காலியில் வைத்து எடுத்தால், கேமராவோடு வரும் எளிய லென்ஸும் படத்தின் நடுப்பகுதியில் பெரிய லென்ஸ்களோடு ஏறக்குறைய ஒத்து நிற்கும். வேறுபாடு வெளிப்படுவது துளையை அகலத் திறக்க வேண்டிய இக்கட்டிலும் ஓரங்களிலும்தான். என் இக்கட்டுகள் இரண்டும் அங்கேதான் இருந்தன.

ஸூம் லென்ஸே ஏன், ஒற்றைக் குவியத் தொலைவு லென்ஸ் அதைவிடக் கூர்மையாயிற்றே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். 35 மி.மீ. படச்சுருள் கேமராவுக்கான முதல் ஸூம் லென்ஸ், 36இலிருந்து 82 மி.மீ. வரை செல்லும் ஸூமார், 1959இல் வெளிவந்தது. ஒரே குழாய்க்குள் கண்ணாடிக் கூட்டங்கள் முன்பின்னாக நகர்ந்து, எல்லா நிலையிலும் எல்லாப் பிழைகளையும் அடக்கியாக வேண்டும் என்பது அன்று முதல் இன்றுவரை தீராத சிக்கல். ஸூம் என்பதே ஒரு சமரசம். ஆனால் பங்குனி வெயிலில் புழுதி பறக்கும் களத்துமேட்டில், இருபது மாணவர் சூழ நின்று லென்ஸைக் கழற்றி மாட்டுவது உணரிக்குள் மண்ணை அள்ளிப் போடுவதற்குச் சமம். ஒரே லென்ஸோடு வீட்டிலிருந்து புறப்பட்டு ஒரே லென்ஸோடு திரும்ப வேண்டும். அன்றாடத்துக்கு என்று வாங்குவதன் இலக்கணமே அதுதான்.

கடைசியில் இரண்டு நின்றன. இரண்டும் 2021இல் வெளிவந்தவை. இரண்டிலும் ஸூம் முழுவதும் துளை எஃப்/2.8 மாறாமல் நிற்கும். ஒன்று டாம்ரான் 17-70. எடை 525 கிராம். அதிர்வைத் தணிக்கும் பொறி உள்ளேயே உண்டு. முகங்களுக்கு இன்னும் இருபது மி.மீ. நீளம் கிடைக்கும். மற்றொன்று சிக்மா 18-50. எடை 290 கிராம். அதிர்வு தணிக்கும் பொறி கிடையாது. என் பழைய லென்ஸ் நீண்ட முனையில் எஃப்/5.6க்கு மேல் திறக்காது. எஃப்/2.8 என்றால் அதைப்போல் நான்கு மடங்கு வெளிச்சம். அதாவது, நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறக்க வேண்டிய இடத்தில் அறுபதில் ஒரு பங்கு போதும். அசையும் முகத்துக்கு இதுதான் மருந்து. அதிர்வு தணிக்கும் பொறி என் கையைத்தான் அடக்கும். திரும்பிப் பார்க்கும் குழந்தையை அடக்காது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்ட பிறகு அந்தப் பொறி இல்லையே என்ற கவலை பாதி குறைந்தது.

மீதிக் கவலையை எடை தீர்த்தது. களப்பயணப் பையில் தண்ணீர், அளவு நாடா, குறிப்பேடு, தூரிகை, குடை எல்லாம் இருக்கும். 235 கிராம் வேறுபாடு மேசை மேல் ஒன்றுமில்லை. நண்பகலில் மூன்றாவது ஊருக்கு நடக்கும்போது அது வேறு. கனமான கேமரா மெல்ல மெல்ல வீட்டிலேயே தங்கிவிடும் என்பதை நண்பர்கள் பலரிடம் பார்த்திருக்கிறேன். எனவே சிக்மா. ஒன்றை மட்டும் தெரிந்தே ஏற்றுக்கொண்டேன். இன்றைய சிறு லென்ஸ்கள் பலவற்றைப் போலவே இதுவும் அகல முனையில் நேர்கோட்டின் வளைவைக் கேமராவின் கணக்கைக் கொண்டுதான் நிமிர்த்துகிறது. அப்படி நிமிர்த்தும்போது மூலைகள் சற்று இழுபடும். மூலை ஒருபோதும் நடு ஆகாது.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. எளியது. நாளிதழின் வரி விளம்பரப் பக்கங்களைச் சுவரில் ஒட்டி நிரப்ப வேண்டும். தமிழ் எழுத்தின் சுழிகளும் புள்ளிகளும் எந்த ஆய்வகத்துச் சோதனை அட்டைக்கும் குறைந்தவையல்ல. கேமராவை முக்காலியில், சுவருக்கு நேர் இணையாக நிறுத்தி, இரண்டு நொடித் தாமதத்தில், எஃப்/2.8 முதல் 16 வரை ஒவ்வொரு துளையிலும் அகல முனை, நடு, நீள முனை என்று எடுத்துப் பார்க்க வேண்டும். மூலைகள் நடுவைவிடக் குறைந்திருப்பது இயல்பு. பார்க்க வேண்டியது நான்கு மூலைகளும் ஒன்றுபோல் குறைந்திருக்கின்றனவா என்பதை. ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால், சுவரும் கேமராவும் இணையாக இருப்பதைச் சரிபார்த்து மறுபடி எடுக்க வேண்டும். அப்போதும் கலங்கினால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி அச்சு விலகியிருக்கிறது, மாற்றித்தரக் கேட்கலாம். எனக்கு வந்த லென்ஸில் நான்கும் ஒத்திருந்தன. எஃப்/2.8இல் மூலையில் ‘ண’, ‘ன’ இரண்டையும் சற்று உற்றுப் பார்த்துப் பிரிக்க வேண்டியிருந்தது. 5.6இல் பார்த்தவுடன் பிரிந்தன. 16இல் பக்கம் முழுவதும் மறுபடி மங்கியது. எந்தக் கல்லை எந்தத் துளையில் எடுப்பது என்பதற்கு இந்த ஒரு மாலை போதும்.

வீட்டில் அதன் முதல் படம் அம்மாவுடையது. எழுபத்தாறு வயது. சன்னல் ஓரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரை எஃப்/2.8இல் எடுத்து, கணினியில் காட்டினேன். “ஏண்டா, மூஞ்சில இருக்கிற சுருக்கத்தை எல்லாம் உக்காந்து எண்ணிடலாம் போலிருக்கே. இதை யாருக்கும் அனுப்பாத” என்றார். அப்புறம் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். “இந்தத் தோட்டைப் பாரு. கீழ்க்கல்லு ஒண்ணு காணோம். எப்ப விழுந்துச்சோ தெரியலயே.” கையால் தடவிப் பார்த்தார். இருபது வருடமாகக் கழற்றாத தோடு அது. பொற்கொல்லரிடம் கல் பதித்து வந்த பிறகு, இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். அதை அக்காவுக்கு அனுப்பவும் அனுமதித்தார்.

உடைந்த கல்லின் கதை அப்படி முடியவில்லை. சென்ற ஆண்டு மாணவர் ஒருவர், செயற்கை நுண்ணறிவு கொண்டு மங்கிய படத்தைத் தெளிவாக்கும் கைப்பேசிச் செயலி ஒன்றில் அந்த 2018ஆம் ஆண்டுப் படத்தை இட்டு ஆர்வத்தோடு கொண்டுவந்தார். இரண்டாம் வரியின் கடைசி எழுத்து நேற்று உளியால் வெட்டியதுபோல் துலங்கியது. வகரம். வகுப்பே மகிழ்ந்தது. வேறொரு செயலியில் இட்டுப் பார்க்கச் சொன்னேன். அது அதே இடத்தில் அதே துலக்கத்தோடு பகரத்தைத் தந்தது. சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

சுவடிப் பதிப்பு வரலாற்றைப் பாடமாகப் படித்த மாணவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பூச்சி அரித்த இடத்தில் தன் புலமையால் ஒரு சொல்லை இட்டு நிரப்பிப் படியெடுத்தவர், பிழையாக எழுதியவரைவிடப் பெரிய தொல்லை. பிழை தன்னைக் காட்டிக்கொடுக்கும், நிரப்பல் காட்டிக்கொடுக்காது. உ.வே. சாமிநாதையர் பிரதிபேதங்களை அடிக்குறிப்பில் தந்து வைத்ததன் அருமை இங்கேதான் விளங்குகிறது. லென்ஸ் ஓர் எழுத்தைக் கரைக்கும்போது குறைந்தபட்சம் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்கிறது. செயலி அந்தச் சொல்லை அழித்துவிடுகிறது. உள்ளது மிகுவது கூர்ப்பு. இல்லாதது சேர்வது இடைச்செருகல். மென்பொருளின் பெயர் எதுவானாலும் இந்தப் பிரிவு மாறாது. களத்தில் எடுக்கும் படங்களை இப்போதெல்லாம் கேமராவின் மூலக்கோப்பாகவே தனியே சேமித்து வைக்கிறோம். தெளிவாக்கிய படி வேண்டுமானால் அது வேறு பெயரில், வேறு உறையில். அந்த நடுகல்லின் வாசிப்பில் இரண்டாம் வரிக் கடைசியில் சாய்கோடிட்டுப் ‘ப/வ’ என்றே எழுதியிருக்கிறோம். அது அப்படியேதான் இருக்கும்.

புதிய லென்ஸ் கற்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டால், நன்றாகவே என்பேன். ஆனால் சென்ற மார்கழிப் பயணத்தில் கண்ட ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பகல் பதினொரு மணிக்கு, வெயில் நேரே முகத்தில் அடிக்க நின்ற ஒரு கல்லை நான் எஃப்/5.6இல் எடுத்தேன். ஒவ்வொரு மணற்பரலும் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. மாணவி ஒருத்தி, தன் தோழியைக் குடையால் கல்லுக்கு நிழலிடச் சொல்லி, கைவிளக்கைக் கல்லின் பக்கவாட்டில் ஏறக்குறைய ஒட்டிப் பிடித்து, சாதாரணக் கைப்பேசியில் எடுத்தாள். வெட்டுகளில் நிழல் விழுந்து மூன்று வரிகளும் எழுந்து நின்றன. சாய்ந்த ஒளியில் கல் படிப்பது புதிதல்ல. கல்வெட்டறிஞர்கள் காலை மாலை வெயிலுக்குக் காத்திருந்ததும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அடித்ததும் இதற்காகத்தான். விளக்கை அப்படியே பிடித்திருக்கச் சொல்லி என் கேமராவிலும் எடுத்தேன். அவள் படத்தில் வரிகள் இருந்தன. இதில் வரிகளின் ஓரமும் இருந்தது.

எனவே லென்ஸ் வாங்க யோசனை கேட்கும் மாணவர்களுக்கு இப்போது ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் இருநூறு ரூபாய்க் கைவிளக்கு. அடுத்து முக்காலி. பிறகு, எடுத்த படங்களை எண்ணிப் பார்ப்பது, அதற்குச் செலவில்லை. அதன் பிறகும் ஓரத்தில் ஏதாவது கரைகிறது என்றால் லென்ஸ்.

வரும் தை மாதத்துக்குள் பார்த்துவிட வேண்டிய கற்கள் என்று எங்கள் பட்டியலில் ஏழு ஊர்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு, சாலையோரத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு முதலில் போகிறோம்.